ஜிபிஎஸ் நின்றுபோனால் எது தாங்கும்? தரைவழி மாற்று ஏற்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போன் கோபுரங்களுக்கு நேர ஒத்திசைவு சரியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஜிபிஎஸ் என்றாலே எல்லோரும் வரைபடத்தைத்தான் நினைக்கிறார்கள், எனக்கோ கடிகாரம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கடிகாரம் வானத்தில் மட்டுமே இருக்கிறது என்பது பல வருடமாக மனதை உறுத்தும் விஷயம். நண்பர்களும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜிபிஎஸ் நன்றாகத்தானே வேலை செய்கிறது, மாற்று எதற்கு?

நன்றாக வேலை செய்வதுதான் சிக்கலின் ஆரம்பம். முப்பது வருடமாக ஏறக்குறைய தடங்கலே இல்லாமல் இலவசமாகக் கிடைத்ததால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டோம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதிலிருந்து கிளம்பும் சிக்னலின் சக்தி ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான். தரைக்கு வந்து சேரும்போது சுற்றுப்புற மின் இரைச்சலைவிடவும் பலவீனமாக இருக்கும். என்ன தேடுகிறோம் என்று ரிசீவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதால் மட்டுமே அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அதைப் பிரித்தெடுக்க முடிகிறது. அதே அலைவரிசையில் பக்கத்தில் ஒரு சின்னக் கருவி கத்தினால் போதும், எல்லாம் மூழ்கிவிடும்.

அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. விமானங்கள் தரையிறங்க உதவும் புதிய கருவி அங்கே அவ்வப்போது தடுமாறிக்கொண்டிருந்தது. 2012இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த வழியாகப் போன ஒரு டிரைவர், தான் எங்கே இருக்கிறோம் என்பது முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று வண்டியில் ஜிபிஎஸ் சிக்னலை மூழ்கடிக்கும் ஒரு ஜாமரை மாட்டியிருந்தார். அவருக்கு விதித்த அபராதம் 31,875 டாலர். அவருக்கு விமானத்தைத் தொந்தரவு செய்யும் எண்ணமே கிடையாது. எண்ணமே இல்லாதவரால் இவ்வளவு முடிந்தது என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

ஜாமிங், ஸ்பூஃபிங் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஜாமிங் என்பது கூச்சல் போட்டு உண்மையான சிக்னலைக் கேட்கவிடாமல் செய்வது. ரிசீவர் "எனக்கு எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடும். ஸ்பூஃபிங் என்பது உண்மையானதைப் போலவே பேசும் பொய். ரிசீவர் எந்த எச்சரிக்கையும் தராமல் தவறான இடத்தை நம்பிக்கையோடு காட்டும். 2017 ஜூனில் கருங்கடலில் நொவோரோசிஸ்க் துறைமுகத்தை ஒட்டி நின்ற கப்பல்களின் திரையில், அவை கரைக்குள்ளே ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகத் தெரிந்தது. இரண்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று கேட்டால், ஸ்பூஃபிங்குக்கு.

"வழியைவிட நேரம்தான் முக்கியம்" என்கிறீர்களே, எப்படி?

ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இவ்வளவு" என்பதைத்தான் அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை ஒப்பிட்டு ரிசீவர் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் போகும். நேரம் ஒரு மைக்ரோ நொடி, அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினால் இடம் 300 மீட்டர் பிசகும். ஆக, இந்த அமைப்பின் அடிப்படையே நேரம்தான். இடம் அதிலிருந்து கிடைக்கும் விளைச்சல்.

அந்த நேரத்தை இன்று யாரெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பியும் வாங்கியும் இயங்கும் 4ஜி, 5ஜி கோபுரங்கள் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ நொடிக்கு மேல் விலகக்கூடாது. மின்தொகுப்பில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள துணைமின் நிலையங்களின் மின்னோட்டக் கோணத்தை ஒரே கணத்தில் அளக்கும் கருவிகளுக்கு, நேரம் 30 மைக்ரோ நொடி தவறினாலே அளவீடு அனுமதித்த எல்லையைத் தொட்டுவிடும். பங்குச் சந்தையில் எந்த ஆர்டர் முதலில் வந்தது என்று தீர்மானிப்பதும் இதே நேரம்தான்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில், ஒரு கோபுரத்தின் கீழ் உள்ள ஷெல்டர் கூரையில் காளான் போல நிற்கும் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கனெக்டரில் சுற்றியிருந்த டேப் வெடித்து, தண்ணீர் கேபிளுக்குள் இறங்கிவிட்டது. சிக்னல் நின்றதும் உள்ளே இருந்த பெட்டி தன் சொந்தக் கடிகாரத்தை நம்பிச் சில மணி நேரம் ஓட்டியது. பிறகு மெதுவாக விலக ஆரம்பித்தது. புகார் வந்ததோ அந்தக் கோபுரத்திலிருந்து அல்ல, சுற்றியிருந்த நல்ல கோபுரங்களிலிருந்து. இது தப்பான நேரத்தில் பேச ஆரம்பித்ததால், மற்றவை கேட்க வேண்டிய நேரத்தில் அவற்றின் காது அடைத்துப்போனது. பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகிவிட்டது. ஓர் ஆன்டெனாவுக்கே இந்தப் பாடு. ஒரு மாவட்டம் முழுக்கச் சிக்னல் போனால் என்னவாகும் என்று அன்று இரவு வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

2016 ஜனவரி 26 அன்று அப்படி ஒன்று சிறிய அளவில் நடந்தது. ஒரு பழைய செயற்கைக்கோளைப் பணியிலிருந்து நீக்கும்போது நிகழ்ந்த கோளாறால், பல ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் உலகப் பொது நேரத்தை 13 மைக்ரோ நொடி தவறாகச் சொல்லின. வரைபடத்தில் எந்த மாற்றமும் இல்லை, கார் ஓட்டியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பல நாடுகளின் தொலைத்தொடர்பு அறைகளில் அலாரம் அடித்தது, பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி தடுமாறியது.

நம்மிடம்தான் இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக் இருக்கிறதே?

இருக்க வேண்டும், வளர வேண்டும். அடுத்தவர் கையிலுள்ள சுவிட்சை நம்பி ஒரு நாடு இருக்கக்கூடாது. ஆனால் நாவிக்கும் வானத்திலிருந்து வரும் பலவீனமான சிக்னல்தான். ஒரு நாட்டின் அமைப்பு உள்ளுக்குள் பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும். 2019 ஜூலையில் ஐரோப்பாவின் கலிலியோ ஏறக்குறைய ஒரு வாரம் படுத்தபோது ஜிபிஎஸ் இருந்ததால் பலருக்குத் தெரியவே இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு ஜாமர் கத்தும்போது பெரும்பாலும் எல்லாமே சேர்ந்து போய்விடும். ஒரே கிணற்றில் நான்கு வாளி இறக்கினாலும் கிணறு வற்றினால் நான்கும் காலிதான்.

நாவிக்குக்குச் சொந்தக் கஷ்டங்களும் உண்டு. முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபிடியம் அணுக் கடிகாரங்களும் செயலிழந்தன. 2023 மே மாதம் உள்நாட்டுக் கடிகாரத்தோடு என்விஎஸ்-01 என்ற புதிய நாவிக் செயற்கைக்கோள் நல்லபடியாகப் போனது. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 போக வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை.

தரைவழி மாற்று என்றால் என்னென்ன?

ஒன்றே ஒன்று கிடையாது. ஃபைபர் வழியாக நேரம் அனுப்புவது, தாழ் அலைவரிசையில் பெரிய கோபுரங்களிலிருந்து ஒலிபரப்பும் இ-லோரான், நகரத்துக்குள் நிறுவும் பீக்கன்கள் என்ற சிறு சிக்னல் கருவிகள், டிஜிட்டல் டிவி கோபுரங்களின் சிக்னலிலேயே நேரத்தைச் சேர்த்து அனுப்புவது, விமானங்களுக்குத் திசையும் தூரமும் இறங்கும் பாதையும் காட்ட ஏற்கெனவே தரையில் உள்ள விஓஆர், டிஎம்இ, ஐஎல்எஸ் கருவிகள் என்று பல உண்டு. ஜெர்மனியின் மைன்ஃபிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் நேர ஒலிபரப்பைக் கேட்டுச் சுவர்க் கடிகாரங்கள் தாங்களாகவே சரிசெய்துகொள்கின்றன.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஜிபிஎஸ் எந்தக் காரணத்தால் கெடுமோ அதே காரணத்தால் இதுவும் கெடுமா? கெடும் என்றால் அது மாற்று அல்ல, நகல்.

இ-லோரான் எப்படி வேலை செய்கிறது?

இரண்டாம் உலகப் போரில் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் வழிகாட்ட உருவான லோரானின் பேரப்பிள்ளை இது. ஜிபிஎஸ்ஸின் முக்கிய அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், இதுவோ 100 கிலோஹெர்ட்ஸ். அலையின் நீளமே 3 கிலோமீட்டர். கோபுரம் பெரும்பாலும் 200 மீட்டர் உயரமாவது நிற்கும். அனுப்பும் சக்தி நூற்றுக்கணக்கான கிலோவாட். அலை பூமியின் வளைவை ஒட்டித் தவழ்ந்து, கடலின் மேல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போகும். ஜிபிஎஸ் எட்டாத கட்டடத்துக்குள்ளும் ஓரளவு நுழையும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த நுட்பம் ஒன்று உண்டு. கோபுரத்திலிருந்து கிளம்பும் துடிப்பு இரண்டு வழியாக வந்து சேரும். ஒன்று தரையை ஒட்டி வரும் தரை அலை. இன்னொன்று மேலே அயனி மண்டலத்தில் மோதித் திரும்பும் வான் அலை. வான் அலையின் பாதை இரவுக்கும் பகலுக்கும் மாறும், ஆகவே அதை நம்ப முடியாது. ஆனால் அது சுற்றிக்கொண்டு வருவதால் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அதனால் ரிசீவர், துடிப்பு தொடங்கி மூன்றாவது சுழற்சி முடியும் இடத்தில், அதாவது 30 மைக்ரோ நொடியில், அளவை எடுத்து முடித்துவிடுகிறது. வான் அலை வந்து கலப்பதற்குள் வேலை முடிந்தது. கணினி பரவாத காலத்து ஆட்கள் யோசித்த வழி இது, இன்றும் மாறவில்லை.

இ-லோரானுக்கு முந்தைய தலைமுறையான பழைய லோரான்-சி கால் கடல் மைல் வரை தவறலாம், அதாவது ஏறக்குறைய 460 மீட்டர். நிலத்தின் மேல் வரும்போது அலை உப்பு நீரின் மேல் வருவதைவிட மெதுவாக வருவது ஒரு முக்கியக் காரணம். இ-லோரானில் துறைமுகத்தைச் சுற்றிக் கப்பலை ஓட்டி இந்தத் தாமதத்தை முன்கூட்டியே அளந்து வரைபடமாக்கி வைத்துவிடுகிறார்கள். அன்றன்றைய திருத்தத்தைத் துடிப்பிலேயே சேர்த்து அனுப்புகிறார்கள். கோபுரங்கள் ஒவ்வொன்றும் உலகப் பொது நேரத்தோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கும். இவற்றால் துறைமுக வாயிலில் 8 முதல் 20 மீட்டர் துல்லியம் கிடைக்கிறது.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் மூடினார்கள்?

செலவு என்று சொன்னார்கள். அமெரிக்கா 2010 பிப்ரவரி 8 அன்று லோரான்-சியை நிறுத்தியது. ஐந்து வருடத்தில் 190 மில்லியன் டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. அதற்கு முன்பே, ஜிபிஎஸ்ஸின் தந்தை என்று அழைக்கப்படும் பிராட்ஃபோர்ட் பார்கின்சன் தலைமையில் அமைத்த தனிக் குழு, இ-லோரானை ஜிபிஎஸ்ஸுக்கு மாற்றாக நிறைவுசெய்ய வேண்டும் என்று ஒருமனதாகப் பரிந்துரைத்திருந்தது. ஜிபிஎஸ்ஸைப் பெற்றெடுத்தவரே இதற்கு ஒரு துணை வேண்டும் என்று சொன்னதைக் கேட்கவில்லை.

அதே வருடம் ஏப்ரலில் அலாஸ்காவின் போர்ட் கிளாரன்ஸில் 411 மீட்டர் உயர லோரான் கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்தார்கள். மூடுவதுகூடப் பரவாயில்லை, திறந்துகொள்ளலாம். இடித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நிலம், அடித்தளம், பூமிக்கடியில் விரித்த செப்புக் கம்பிகள், அலைவரிசை உரிமை, அதை ஓட்டத் தெரிந்த ஆட்கள், எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

பிரிட்டன் 2014இல் டோவர் உட்பட ஏழு துறைமுகப் பகுதிகளில் இ-லோரானைச் சோதனை நிலை தாண்டிச் சேவைக்கே கொண்டுவந்தது. 2015 டிசம்பர் 31 அன்று நார்வேயும் பிரான்ஸும் தங்கள் கோபுரங்களை அணைத்தன. இடத்தைக் கணக்கிடக் குறைந்தது மூன்று கோபுரம் வேண்டும். தனியாக நின்ற பிரிட்டனின் ஆன்தார்ன் கோபுரம் நேரம் சொல்வதற்கு மட்டுமே பயன்பட்டது.

பிறகு கணக்குகள் வந்தன. ஜிபிஎஸ் நின்றால் அமெரிக்காவுக்கு ஒரு நாளைக்கு 1 பில்லியன் டாலர் நஷ்டம் என்று 2019இல் அரசு கேட்டுச் செய்த ஆய்வு சொன்னது. ஐந்து வருடச் சேமிப்பு என்று சொன்னது ஐந்து மணி நேரத்தில் கரைந்துவிடும். தரைவழி நேர மாற்று அமைக்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் அமெரிக்காவில் சட்டமே வந்தது. பணம் ஒதுக்கினால்தான் அது நடக்கும் என்ற வரியும் அதில் இருந்தது. பிரிட்டன் இப்போது இ-லோரானுக்கு 71 மில்லியன் பவுண்ட் ஒதுக்கித் திரும்ப ஆரம்பித்திருக்கிறது.

மூடாமல் வைத்திருந்தவர்கள் யார்?

அடி வாங்கியவர்களும் அடியை எதிர்பார்த்தவர்களும். வடகொரியா 2012இல் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை ஜாம் செய்தபோது 1,000க்கும் மேற்பட்ட விமானங்களும் 250க்கும் மேற்பட்ட கப்பல்களும் பாதிக்கப்பட்டன. 2016இல் தென்கொரிய மீன்பிடிப் படகுகள் ஜிபிஎஸ் இல்லாமல் கரைக்குத் திரும்பின. தென்கொரியா தன் பழைய லோரான் நிலையங்களை வைத்தே இ-லோரானை வளர்த்தது. சீனா இருந்ததை வைத்துக்கொண்டு மேற்குப் பகுதியில் புதிய நிலையங்களையும் சேர்த்தது. ரஷ்யாவிடம் சாய்கா என்ற பெயரில் இதே வகை அமைப்பு உண்டு.

ஃபைபர் வழியாக நேரம் அனுப்பினால் போதாதா?

அசையாத இடங்களுக்கு அதைப்போல நல்லது கிடையாது. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் பிறந்த ஒயிட் ராபிட் என்ற நேர ஒத்திசைவு முறை ஃபைபரில் ஒரு நானோ நொடிக்கும் குறைவான துல்லியம் தருகிறது. ஆனால் சாதாரண நெட்வொர்க்கில் ஒரு தொல்லை உண்டு. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நீளம் என்று நினைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். யாரோ ஜேசிபியால் கேபிளை வெட்டி, அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் 200 மீட்டர் கூடுதலாகச் சுற்றி இணைத்துவிட்டால், நேரம் அரை மைக்ரோ நொடி தவறிவிடும். எந்த அலாரமும் அடிக்காது. கோபுரங்களுக்கு அனுமதித்த 1.5 மைக்ரோ நொடியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. கப்பலுக்கும் விமானத்துக்கும் ஃபைபர் எட்டாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நல்ல அணுக் கடிகாரம் ஒன்று வாங்கி வைத்தால்?

கொஞ்ச காலம் தாங்கும். நல்ல ருபிடியம் ஒரு நாள் போல மைக்ரோ நொடிக்குள் நிற்கும். சீசியம் வாரக்கணக்கில் நிற்கும், விலையும் அதற்கேற்ப. தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். தொட்டி அவசியம் வேண்டும், ஆனால் நிரப்ப ஒரு வழி இருக்க வேண்டும்.

எதிரி இ-லோரானை ஜாம் செய்ய முடியாதா?

முடியும், சுலபமில்லை. 3 கிலோமீட்டர் அலையைத் தூரத்துக்கு அனுப்பப் பெரிய ஆன்டெனாவும் பெரும் மின்சாரமும் வேண்டும். சின்ன ஜிபிஎஸ் ஜாமரைப் போல வண்டியின் லைட்டர் துளையில் செருக முடியாது. ஆனால் கோபுரம் எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், போரில் அதைத் தகர்க்கலாம். உயரத்தையும் அது சொல்லாது. ஆகவே இது ஜிபிஎஸ்ஸை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் கெடுப்பது கடினம், அதுதான் பலன்.

மாற்று இல்லாததால் ஒரு சேவையே நின்ற கதை உண்டா?

உண்டு. எஸ்தோனியாவின் டார்ட்டு விமான நிலையத்தில் இறங்க ஜிபிஎஸ் மட்டுமே வழியாக இருந்தது. 2024 ஏப்ரலில் குறுக்கீட்டால் பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனத்தின் இரண்டு விமானங்கள் இறங்க முடியாமல் ஹெல்சிங்கிக்கே திரும்பின. அதன்பின் அந்த நிறுவனம் ஒரு மாதம் அங்கே போவதை நிறுத்தியது. ஜிபிஎஸ் தேவைப்படாத தரையிறங்கும் முறை ஒன்றை ஏற்பாடு செய்த பிறகே மறுபடி தொடங்கியது.

இந்தியாவில் நிலைமை என்ன?

லோரான் நமக்குப் புதிதல்ல. கலங்கரை விளக்கத் துறை 1990களில் இரண்டு லோரான்-சி சங்கிலிகளை, அதாவது சேர்ந்து இயங்கும் நிலையக் குழுக்களை, நடத்தியது. குஜராத்தில் த்ராங்கத்ரா, வேராவல், பிலிமோரா ஒன்று. கிழக்கே பாலேஸ்வர், பட்பூர், டயமண்ட் ஹார்பர் இன்னொன்று. தமிழ்நாட்டுக் கரைக்கு அப்போதும் சங்கிலி இல்லை.

விமானத் துறையில் நிலைமை பரவாயில்லை. டெல்லி, சென்னை உட்படப் பல விமான நிலையங்களில் ஜிபிஎஸ் குறுக்கீடு பதிவானதாக 2025இல் நாடாளுமன்றத்தில் அரசு ஒப்புக்கொண்டது. தரைவழிக் கருவிகளின் குறைந்தபட்ச வலையமைப்பைக் கைவிடாமல் வைத்திருப்பதாகவும் சொன்னது. நேரத்துக்கு, தேசிய இயற்பியல் ஆய்வகமும் இஸ்ரோவும் சேர்ந்து அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து மையங்களிலிருந்து இந்தியத் திட்ட நேரத்தைப் பரப்பும் திட்டம் நடக்கிறது. நான் மனதார வரவேற்கும் வேலை இது. இதன் நேரம் ஃபைபர் வழியாகத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் அறைவரை வந்துவிட்டால், பாதிக் கவலை தீர்ந்தது. கடல்தான் இன்னும் வெறும் வானத்தை நம்பியிருக்கிறது.

நம் மீனவர்களுக்கு இதனால் என்ன?

பாக் நீரிணையில் எல்லைக்கோடு தண்ணீரின் மேல் வரையப்படவில்லை. படகிலுள்ள ஜிபிஎஸ் பெட்டிதான் எல்லைக்கோடு. அதில் வரும் எண் சில கிலோமீட்டர் தவறினால் விளைவு சிறையாக இருக்கலாம். கருங்கடலில் நடந்தது இங்கே நடந்தால், "பெட்டி அப்படித்தான் காட்டியது" என்று ஒரு மீனவர் யாரிடம் நிரூபிப்பார்?

பெட்டி வருவதற்கு முன் நம் கரையோரத்தில் இருந்த முறையும் தரைவழிதான். மலை முகட்டையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் பிடித்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களைப் பிடித்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடித்தார்கள். கரை தெரியும்வரை அது இன்றும் வேலை செய்யும். பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். படகில் காந்தத் திசைகாட்டி இருக்க வேண்டும். பெட்டி காட்டும் இடத்தின் ஆழமும் ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் காட்டும் ஆழமும் ஒத்துப்போகின்றனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

என் அலுவலகத்தில் ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் வாங்கி மற்றக் கருவிகளுக்குக் கொடுக்கும் நேர சர்வர் இருக்கிறது. நான் இப்போது என்ன செய்யலாம்?

போக்குவரத்து குறைவான ஒரு ஞாயிறு அதிகாலையில், முறையான அனுமதியோடு, ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். பக்கத்தில் ஒப்பிட இன்னொரு நம்பகமான கடிகாரம் இருக்கட்டும். அலாரம் வருகிறதா, யாருக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் வேலையை விட்டுப்போன ஒருவரின் மின்னஞ்சலுக்குத்தான் அது போய்க்கொண்டிருக்கும். பிறகு உங்கள் கருவிகள் தாங்கும் எல்லையைத் தாண்ட எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறியுங்கள். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், உங்கள் அறையின் வெப்பத்துக்கு அது வேறாக இருக்கும். கிடைத்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, தேதி போட்டு, ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.